எந்தப் பட்டியலிலும் இல்லாத கிணறுகள்

பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சி அலுவலகத் திண்ணையில் மடிக்கணினியை வைத்து, அந்தப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம் ஒன்றை ஊர்க்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஃபுளோரைடு அளவு மீறிய கிணறு சிவப்பு, அளவுக்குள் இருப்பது பச்சை. இடுப்பிலிருந்த குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்த ஓர் அம்மா, கோயிலுக்குப் பின்னால் இருந்த பச்சைப் புள்ளியில் விரலை வைத்தார். "தம்பி, இது எங்க போர்தானே? அன்னைக்கு மோட்டார் ரூம்பு பூட்டிக் கெடந்துச்சு, யாரும் தண்ணியே புடிக்கலியே. அப்புறம் எப்படிப் பச்சை போட்டீங்க?"

களக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தக் கிணற்றின் வரியில் ஊர், தேதி, ஆழம் எல்லாம் இருந்தன. ஃபுளோரைடு என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. தரவுத்தளத்திலும் அந்த இடத்தில் மதிப்பு எதுவும் இல்லை, மதிப்பு விடுபட்டிருப்பதைக் காட்டும் 'நல்' (NULL) என்ற குறியே இருந்தது. குறிப்பேடும் தரவுத்தளமும் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. அவற்றுக்கும் வரைபடத்துக்கும் நடுவில் நான் எழுதியிருந்த ஒரே ஒரு வரி, சோதிக்கப்படாத கிணற்றைப் பாதுகாப்பான கிணறு என்று மாற்றிவிட்டது. அந்த அம்மா வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஃபுளோரைடைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்பிலேயே பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். முழங்கால் வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் நடக்கும் முதியவர்களையும் பார்த்திருக்கிறோம். இங்குள்ள கடினப் பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத நிலையில் 1.5 வரை அனுமதிக்கப்படுகிறது. இந்தச் சிக்கலுக்காகவே வகுக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டு, காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் போர்த் தண்ணீரை மொண்டு குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் போர்களைத்தான் ஒரு தன்னார்வக் குழு சோதித்துப் பதிவு செய்துவந்தது. தரவுத்தள வேலையை 14 ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்பதால் அவர்களுடைய பதிவுகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

பிழை செய்த வரியை அப்படியே சொல்கிறேன். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்கியூஎல் (SQL) மொழியில், நிபந்தனைக்கு ஏற்ப விடையைப் பிரித்துத் தரும் 'கேஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. "ஃபுளோரைடு 1.5-ஐ விடக் கூடுதல் என்றால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை" என்று எழுதியிருந்தேன். பேச்சில் சொல்லிப் பார்த்தால் இதில் குறையே தெரியாது. ஆனால் 'நல்' உள்ள இடத்தில் "1.5-ஐ விடக் கூடுதலா?" என்று கேட்டால் தரவுத்தளம் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தெரியாது என்கிறது. ஆம் என்ற விடை வராத எல்லாமே "இல்லாவிட்டால்" என்ற கிளைக்குள் போய் விழும். இல்லை என்ற விடையும் தெரியாது என்ற விடையும் அங்கே ஒரே பெட்டியில் விழுந்தன, இரண்டுக்கும் நான் பச்சை பூசினேன்.

இந்த மூன்றாவது விடைதான் 'நல்' பற்றிய எல்லாக் குழப்பத்துக்கும் வேர் என்பதால் இங்கே சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன். கணக்குக்காக ஐந்து கிணறுகளை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்றின் அளவுகள் 1.8, 2.4, 0.6; மீதி இரண்டும் சோதிக்கப்படாதவை. "1.5-க்கு மேல் உள்ளவற்றைக் கொடு" என்று கேட்டால் இரண்டு கிணறுகள் வரும். "1.5 அல்லது அதற்குக் கீழ் உள்ளவற்றைக் கொடு" என்றால் ஒன்று வரும். இரண்டையும் கூட்டினால் மூன்றுதான். ஐந்து கிணறுகள் உள்ள ஊரில் இரண்டு கிணறுகள் மேல் பட்டியலிலும் இல்லை, கீழ்ப் பட்டியலிலும் இல்லை. "1.5-க்கு மேல் இல்லாதவற்றைக் கொடு" என்று மறுத்துக் கேட்டுப் பார்த்தாலும் அதே ஒன்றுதான் வரும், ஏனென்றால் தெரியாது என்பதை மறுத்தாலும் தெரியாது என்பதே கிடைக்கும். "1.5-க்கு மேல், அல்லது 1.5-க்குள்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால்? எந்த எண்ணாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கித்தானே ஆக வேண்டும் என்று நம் அறிவு சொல்கிறது. தரவுத்தளம் அப்படி யோசிப்பதில்லை. இரண்டு பாதிகளையும் தனித்தனியே பார்க்கிறது, இரண்டுக்கும் தெரியாது என்று விடை காண்கிறது, தெரியாது என்பதோடு தெரியாது சேர்ந்தால் தெரியாது என்று முடித்து அந்த வரியை விட்டுவிடுகிறது.

உண்மை, பொய் என்ற இரண்டோடு மூன்றாவது ஒன்றைச் சேர்க்கும் தருக்கம் கணினிக்காகப் பிறந்ததன்று. போலந்துத் தருக்க அறிஞர் யான் லூகாசியேவிச் 1920-இலும், அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1938-இலும் இதை வகுத்துக் காட்டினார்கள். தரவை அட்டவணைகளாக அமைக்கும் உறவுசார் தரவுத்தளக் கோட்பாட்டை 1970-இல் வெளியிட்ட ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், 1979-இல் எழுதிய கட்டுரையில் விடுபட்ட மதிப்புகளுக்கு இந்த மூன்று விடைத் தருக்கத்தைக் கொண்டுவந்தார். 1985-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற விதிகளில் மூன்றாவது விதி முழுக்க இதைப் பற்றியதுதான்: விடுபட்ட தகவலை ஒழுங்கான ஒரே முறையில் குறிக்க வேண்டும், அந்தக் குறி பூஜ்யத்திலிருந்தும் வேறு எந்த எண்ணிலிருந்தும் வெற்றுச் சொல்லிலிருந்தும் வேறுபட்டதாக இருக்க வேண்டும், எண் நெடுவரிசையானாலும் எழுத்து நெடுவரிசையானாலும் அது ஒன்றுபோல நடந்துகொள்ள வேண்டும். நான் கல்லூரியில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். பொருள் விளங்கியது அந்தத் திண்ணையில்தான்.

உண்மையில் எட்கர் காட்டின் விதியைப் படிப்பதற்கு முன்பே இதை எனக்கு ஒருவர் சொல்லித் தந்திருந்தார், நான்தான் கவனிக்கத் தவறினேன். என் பெரியப்பா பாலக்கோடு பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். கிராமக் கணக்கு எண் இரண்டு என்னும் அடங்கல் பதிவேட்டில், புல எண் வாரியாக என்ன பயிர் என்று எழுதுவார். பயிர் இல்லாத நிலத்துக்குத் 'தரிசு' என்று எழுதுவார். சிறு வயதில் ஒருநாள், "பயிரே இல்லன்னா காலியா விட்டுடலாமே பெரியப்பா, எதுக்கு எழுதறீங்க?" என்று கேட்டேன். "தரிசுன்னு எழுதுனா நான் நேர்ல போய்ப் பாத்துட்டேன், அங்க ஒண்ணும் வெக்கலன்னு அர்த்தம்டா. காலியா விட்டா நான் இன்னும் போகலன்னு அர்த்தம்" என்றார். அலுவலகங்களில் 'இன்மை அறிக்கை' என்று ஒன்று அனுப்புவார்களே, அதுவும் இதே வகைதான். இந்த மாதம் இனம் எதுவும் இல்லை என்று கையெழுத்திட்டு அனுப்புவதும், அறிக்கையையே அனுப்பாமல் இருப்பதும் மேலதிகாரியிடம் ஒன்றாகிவிடாது. 'நில்' ரிப்போர்ட் என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் அந்த இன்மையும், தரவுத்தளத்து 'நல்'லும் ஒலியில் இவ்வளவு நெருங்கியிருப்பதாலேயே பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். நில் என்பது தெரிந்துகொண்ட இன்மை. 'நல்' என்பது இன்னும் தெரிந்துகொள்ளாதது. தமிழில் "இல்லை" என்றும் "தெரியலை" என்றும் இரண்டு சொற்கள் நாள்முழுக்க நம் வாயில் புழங்குகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றதை யாரும் சொல்வதில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு, குழுவின் குறிப்பேடுகள் முழுவதையும் வாங்கிவந்து தருமபுரி வீட்டில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நீளவாட்டில் கோடு போட்ட கணக்கு நோட்டுகள். மாதிரி எண், ஊர், அடிபம்பா மோட்டாரா, எத்தனை அடி ஆழம், தேதி, கார அமிலத் தன்மை, கரைந்த உப்பு, ஃபுளோரைடு, குறிப்பு என்று பத்திகள். ஃபுளோரைடுப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தபோது ஒரே பக்கத்தில் இத்தனையும் இருந்தன: 0.8, ஒரு கிடைக்கோடு, 0, "வற்றிவிட்டது", "க.தீ.", ஒரு கேள்விக்குறி, ஒன்றுமே எழுதாத இரண்டு கட்டங்கள். "க.தீ." என்றால் கரைசல் தீர்ந்தது என்று எழுதியவரே தொலைபேசியில் சொன்னார். களச் சோதனைப் பெட்டியில் ஜிர்கோனியம் சேர்ந்த சாயக் கரைசலைத் தண்ணீரில் விடுவார்கள். ஃபுளோரைடு கூடக் கூட அதன் சிவப்பு மங்கி மஞ்சளுக்குப் போகும், அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவை எழுதுவார்கள். கரைசல் தீர்ந்த பிறகு சென்ற ஊர்களில் மற்றவற்றைச் சோதித்து, இதை மட்டும் விட்டுவந்திருக்கிறார்கள். அது நேர்மையான குறிப்பு.

கிடைக்கோடுதான் என்னை உலுக்கியது. குறிப்பேடுகளை எழுதியவர்கள் இரண்டு மாணவர்கள். ஒருவரைக் கேட்டபோது, சோதிக்கவில்லை என்பதற்காகக் கோடு போட்டதாகச் சொன்னார். மற்றவர், சோதித்தேன், நிறமே மாறவில்லை, ஃபுளோரைடு இல்லை என்பதற்காகக் கோடு போட்டேன் என்றார். ஒரே கோடு, நேர் எதிரான இரண்டு பொருள். தட்டச்சு செய்தவர் இரண்டையும் வெறும் கட்டமாக விட்டுவிட்டார். தரவுத்தளத்துக்கு வந்துசேரும்போது இரண்டுமே 'நல்'. குறிப்பேட்டைத் திரும்பப் பார்க்க முடிந்ததாலும், எழுதியவர்கள் நினைவில் வைத்திருந்ததாலும் இவற்றைப் பிரித்தெடுக்க முடிந்தது.

பிரித்தெடுக்க முடியாமலே போனவை வேறு. இரண்டாம் சுற்றில் குழுவினர் நோட்டை விட்டுவிட்டுக் கைபேசிப் படிவத்துக்கு மாறியிருந்தார்கள். அந்தப் படிவத்தில் எண் கேட்கும் ஒவ்வொரு கட்டத்திலும் முன்கூட்டியே 0 என்று நிரப்பப்பட்டிருந்தது. சோதித்தவர் அளவை எழுதினால் 0 மாறும். சோதிக்காதவர் அதைத் தொடாமல் அனுப்பினால் 0 அப்படியே போய்ப் பதிவாகும். அந்த 0-களில் எது நிறம் மாறாத தண்ணீர், எது பூட்டிக் கிடந்த அறை, எது தீர்ந்துபோன கரைசல் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் கட்டம், கேட்டால் "தெரியாது" என்றாவது சொல்லும். முன்நிரப்பிய பூஜ்யம், "இங்கே ஃபுளோரைடு இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்கிறது. எங்கள் மண்ணின் பாறையை வைத்துப் பார்த்தால் ஓர் ஆழ்துளைக் கிணற்றில் சுத்தமாகப் பூஜ்யம் என்பது நம்ப முடியாத முடிவு. கடைசியில் அத்தனை பூஜ்யங்களையும் 'நல்' ஆக்கி, அந்தக் கிணறுகளையெல்லாம் மறுபடி சோதிக்கும்படி கேட்டுக்கொண்டேன். இளைஞர்களின் பல வார உழைப்பு அதில் போனது. எனக்கு அதைச் சொல்லவே வாய் வரவில்லை, ஆனாலும் வேறு வழி இருக்கவில்லை.

பூஜ்யம் என்ன செய்யும் என்பதை அதே ஐந்து கிணறுகளில் பார்க்கலாம். 1.8, 2.4, 0.6 மூன்றின் கூட்டுத்தொகை 4.8. மற்ற இரண்டும் 'நல்' என்று இருந்தால், எஸ்கியூஎல்லின் சராசரிச் செயல்பாடு அவற்றைக் கணக்கில் எடுக்காமல் 4.8-ஐ மூன்றால் வகுத்து 1.6 என்று சொல்லும். அனுமதித்த அளவுக்கு மேல். அந்த இரண்டிலும் 0 என்று இருந்தால் ஐந்தால் வகுத்து 0.96 என்று சொல்லும். ஏற்கத்தக்க அளவுக்கும் கீழ். அந்த மண்ணில் ஒரு துளித் தண்ணீரும் மாறவில்லை, ஊர் மட்டும் ஆபத்திலிருந்து பாதுகாப்புக்கு வந்துவிட்டது. 'நல்' இருக்கும் இடங்களில் நாம் கொடுக்கும் மதிப்பைப் போட்டுவிடும் 'கோயலெஸ்' என்ற செயல்பாட்டை, அறிக்கை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் போடப் பயன்படுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. விற்பனைத் தொகையைக் கூட்டும்போது அது பொருத்தமாக இருக்கலாம். அளவீட்டில் அதற்கு இடமே கிடையாது.

அதற்காக 1.6 என்ற விடை முழு உண்மை என்றும் சொல்ல மாட்டேன். 'நல்'லை ஒதுக்கிவிட்டுச் சராசரி காண்பது, சோதிக்காத இரண்டும் சோதித்த மூன்றைப் போலவே இருக்கும் என்று சத்தமில்லாமல் அனுமானிப்பதுதான். ஆகவே எந்தச் சராசரியைக் காட்டினாலும் அதன் பக்கத்தில் இரண்டு எண்ணிக்கைகளையும் காட்டுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். 'கவுண்ட்' செயல்பாட்டுக்குள் நட்சத்திரக் குறியிட்டால் எல்லா வரிகளையும் எண்ணும், நெடுவரிசையின் பெயரைக் கொடுத்தால் மதிப்புள்ள வரிகளை மட்டும் எண்ணும். "5 கிணறுகளில் 3 சோதிக்கப்பட்டவை, சராசரி 1.6" என்று எழுதினால் படிப்பவர் எதை நம்பலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

இந்த வேலையில் என்னை அரை நாள் சுற்றவிட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுவரை எந்தச் சோதனைப் பதிவும் இல்லாத கிணறுகளின் பட்டியல் வேண்டியிருந்தது. "சோதனை அட்டவணையில் உள்ள கிணற்று எண்களுக்குள் இல்லாத கிணறுகள்" என்று 'நாட் இன்' போட்டு எழுதினேன். ஒரு வரிகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. எல்லாக் கிணறுகளும் சோதிக்கப்பட்டுவிட்டன என்று அந்த வெறுமையைப் பார்த்தால் தோன்றும். உண்மையில் சோதனை அட்டவணையில் ஒரே ஒரு வரியில் கிணற்று எண் விடுபட்டு 'நல்' ஆக இருந்தது. 12-ஆம் எண் கிணறு அந்தப் பட்டியலில் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், பட்டியலின் ஒவ்வோர் எண்ணும் 12 அல்ல என்று உறுதியாகத் தெரிய வேண்டும். எண் தெரியாத அந்த ஒரு வரி 12-ஆகவும் இருக்கலாமே! எனவே தெரியாது, 13-க்கும் தெரியாது, 14-க்கும் தெரியாது. ஒரு 'நல்' முழுப் பட்டியலையும் விழுங்கிவிட்டது. பொருந்தும் வரி உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதியதும் கிணறுகள் வந்தன. அன்றிலிருந்து துணை வினவலோடு, அதாவது ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வியை வைத்து, 'நாட் இன்' எழுதுவதையே விட்டுவிட்டேன்.

தெரியாத இரண்டு ஒன்றுக்கொன்று சமமா என்று கேட்டாலும் எஸ்கியூஎல் தெரியாது என்றுதான் சொல்லும். பூட்டிய இரண்டு அறைகளுக்குள் இருக்கும் தண்ணீர் ஒரே அளவுதானா என்று எவரால் சொல்ல முடியும்? அதனால்தான் சமக்குறியால் 'நல்'லைத் தேட முடியாமல், 'இஸ் நல்' என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதே எஸ்கியூஎல் வகைப்படுத்தித் தொகுக்கும்போது எல்லா 'நல்'களையும் ஒரே குழுவாகச் சேர்த்துவிடுகிறது. ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற தனித்துவ விதி போட்ட நெடுவரிசையில், தரவுத்தள மென்பொருள்களான போஸ்ட்கிரஸும் மைஎஸ்கியூஎல்லும் பல 'நல்'களை ஏற்கும், எஸ்கியூஎல் சர்வர் ஒன்றைத்தான் ஏற்கும். ஆரக்கிளோ வெற்றுச் சொல்லையே 'நல்' என்று எடுத்துக்கொள்கிறது. காட் வகுத்த மூன்றாவது விதிக்கு இது பொருந்தவில்லை. எட்கர் காட்டோடு நெருங்கிப் பணியாற்றிய கிறிஸ் டேட் இத்தகைய முரண்களைக் காட்டியே, 'நல்' என்பதே வேண்டாம் என்று பல ஆண்டுகளாக வாதிட்டுவந்தார். அவருடைய குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் சரியானவை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் முடிவோடு என்னால் முழுவதும் சேர முடியவில்லை, அதற்கு என் பாட்டி ஒரு காரணம்.

பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. "கிருஷ்ணகிரி டேம் கட்டறப்ப நான் கைக்கொழந்தை" என்பார். அணை 1950-களில் கட்டப்பட்டது, அவ்வளவுதான் தெரியும். ஆனால் பெரும்பாலான படிவங்கள் பிறந்த தேதியை விடுவதற்கு இடம் கொடுப்பதில்லை. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். எனவே ஒரு படிவத்தில் ஜனவரி 1, இன்னொன்றில் ஜூலை 1, ஆண்டும் ஒன்றுக்கொன்று மாறி இருக்கும். பிறகு ஓய்வூதியத்துக்கோ வங்கிக் கணக்குக்கோ போகும்போது இரண்டு ஆவணங்களும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம் ஊரில், தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்பவர்களிடம் கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவங்களும் இப்படித்தான். ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் தன் பெயரையே இரண்டாம் முறை எழுதுவார். 'நல்' கூடாது என்ற விதியைத் தரவுத்தளத்தில் போடுவது ஒரு சொல்லில் முடிந்துவிடும். தெரியாத செய்தி அதனால் தெரிந்துவிடாது. எதிரில் நிற்கும் மனிதரைப் பொய் எழுதவைக்கும், அந்தப் பொய் உண்மையான தேதிகளோடு கலந்துவிட்ட பின் அதைப் பிரிக்கவே முடியாது. மாதிரி எண், கிணற்று எண் போன்றவற்றுக்கு அந்த விதி கட்டாயம் வேண்டும். அது இருந்திருந்தால் 'நாட் இன்' என்னை அலையவிட்டிருக்காது. பிறந்த தேதி, கிணற்றின் ஆழம், அளவீடு ஆகியவற்றுக்கு அதைப் போடுமுன் பத்து முறை யோசிக்க வேண்டும்.

காட் தாமே 1990-இல் எழுதிய நூலில், விடுபட்ட தகவலை இரண்டாகப் பிரித்தார்: இருக்க வேண்டியது ஆனால் இன்னும் தெரியாதது ஒன்று, அந்த இடத்துக்கே பொருந்தாதது மற்றொன்று. அதற்காக நான்கு விடைத் தருக்கம் ஒன்றையும் முன்வைத்தார். சந்தையில் உள்ள பெரிய தரவுத்தளங்கள் எதுவும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தருக்கத்தில் விடைகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, காரணத்தைச் சாதாரணத் தரவாக எழுதிவைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பூட்டிய அறைக்கு அளவு உண்டு, நமக்குத் தெரியவில்லை. வற்றிய போருக்கு அளவே கிடையாது. இரண்டையும் ஒரே 'நல்'லில் போட்டால் அடுத்த சனிக்கிழமை யார் எங்கே போக வேண்டும் என்று சொல்ல முடியாது.

ஆகவே அட்டவணைகளை மாற்றி அமைத்தேன். கிணறுகளுக்கு ஓர் அட்டவணை, களப் பயணங்களுக்கு இன்னொன்று. ஒரு கிணற்றுக்குப் பயண வரியே இல்லையென்றால் யாரும் அங்கே போகவில்லை என்று பொருள். போயிருந்தால் 'நிலை' என்ற நெடுவரிசை கட்டாயம்: சோதிக்கப்பட்டது, பூட்டியிருந்தது, வற்றியது, கரைசல் தீர்ந்தது, இவற்றில் ஒன்று. சோதித்தும் பெட்டியின் நிற அட்டைக்குக் கீழே இருந்தால் அதற்கும் தனி நிலை உண்டு. மாணவரின் இரண்டாவது கோடு இப்போது அங்கே போகிறது. நிலை 'சோதிக்கப்பட்டது' என்றால் ஃபுளோரைடு மதிப்பு இருந்தே ஆக வேண்டும், வேறு நிலை என்றால் இருக்கவே கூடாது என்று ஒரு 'செக்' விதி எழுதினேன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, தெரியாமல் பலர் தவறுகிறார்கள். தேடும்போது தெரியாது என்ற விடை வந்தால் தரவுத்தளம் அந்த வரியை ஒதுக்கிவிடும். 'செக்' விதியில் தெரியாது என்று வந்தாலோ அந்த வரியை உள்ளே விட்டுவிடும். "ஃபுளோரைடு பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது" என்ற விதியை 'நல்' எளிதாகக் கடந்து போவது இதனால்தான். நிலை நெடுவரிசையே 'நல்' ஆக இருந்தால் என் விதியும் தெரியாது என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடும். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் 'நல்' கூடாது என்று கண்டிப்பாகப் போட்டேன்.

இப்படிப் பிரித்துவிட்டால் 'நல்' ஒழிந்துவிடும் என்று டேட்டின் பக்கம் நிற்பவர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் கிணறுகள் அனைத்தையும் அவற்றின் கடைசிப் பயணத்தோடு சேர்த்துக் காட்ட, பொருந்தும் பயணம் இல்லாத கிணற்றையும் விடாமல் தரும் இடப்பக்க இணைப்பு போட்ட உடனே, பயணமே இல்லாத கிணற்றின் பக்கத்தில் 'நல்' மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சேமிக்கும் இடத்தில் அதைத் தவிர்க்கலாம். கேட்கும் இடத்தில் அதைச் சந்தித்தே ஆக வேண்டும். வரைபடத்துக்கான வரியை இப்போது அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்: முதலில் அளவு 'நல்'தானா என்று கேட்கும், ஆம் என்றால் நிற அட்டைக்குக் கீழே இருந்ததைப் பச்சையாகவும் மற்றதைச் சாம்பல் நிறமாகவும் காட்டும், அதற்குப் பிறகுதான் 1.5-க்கு மேலா என்று கேட்கும். எண்ணைப் பார்த்துப் பச்சை தருவதற்கு "1.5-க்குள்" என்று தனியாக எழுதினேன். "இல்லாவிட்டால்" என்ற கிளையில் நிறம் எதுவும் வைக்கவில்லை.

புதிய வரைபடத்தைத் திறந்தபோது சாம்பல் புள்ளிகள் நான் எண்ணியதைவிட அதிகமாக இருந்தன. குழுவில் ஒருவர், பார்ப்பவர்களுக்கு நாம் வேலையே செய்யாதது போலத் தெரியுமே என்று தயங்கினார். அவருடைய தயக்கம் எனக்குப் புரிந்தது. அளவு கூடுதலான கிணறுகளை முதலில் காட்டும்படி இறங்கு வரிசையில் அடுக்கிய பட்டியலிலும் அவருக்கு அதே குறை. போஸ்ட்கிரஸ் இறங்கு வரிசையில் 'நல்'களை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்து வைக்கும். மைஎஸ்கியூஎல்லில் அவை அடியில் போய்விடும். கடைசியில் வைக்கச் சொல்லி இரண்டு சொல் சேர்த்தால் போஸ்ட்கிரஸிலும் அடியில் தள்ளிவிடலாம்; நான் சேர்க்கவில்லை. சோதிக்காத கிணறுகள் பட்டியலின் தலையில் நிற்பதே இந்த வேலைக்குச் சரி என்று அவரிடம் சொன்னேன்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் போரை அடுத்த வாரமே போய்ச் சோதித்தார்கள். 1.9 வந்தது. புள்ளி சிவப்பானது. அந்த அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அப்பவே நெனச்சேன்" என்றார். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள், போர்த் தண்ணீர் துவைக்கவும் மாட்டுக்கும் போகிறது.

பயண அட்டவணையில் அண்மையில் இன்னொரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன், 'சாவி யாரிடம்' என்று. அதற்கு 'நல்' அனுமதி உண்டு. வரும் சனிக்கிழமைக்கான பட்டியலில் 11 கிணறுகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றுக்கு அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மற்ற எட்டில் இரண்டு சாவிகள் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் இருப்பதால், அவர்கள் பேருந்து ஏறுவதற்குள், காலை 6 மணிக்கே அந்த வீடுகளில் போய் நிற்க வேண்டும்.